இணங்காத துணையும் பிரிவின் சட்டமும்: வாகரையையும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தையும் முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மணமக்கள் இருவரும் விரும்பிக் கூடுவதும் இருவரும் விரும்பிப் பிரிவதும் சட்டத்துக்குப் பெருஞ் சிக்கல் தருவனவல்ல. ஒருவர் பிரிய விரும்ப, மற்றவர் அதற்கு இணங்க மறுக்கும்போதே ஒரு சமுதாயம் மணத்தைப் பற்றி உண்மையில் என்ன கருதுகின்றது என்பது வெளிப்படுகின்றது. மணம் என்பது இருவரின் உறவா, இரு குடிகளின் ஒப்பந்தமா, சொத்தின் பாதுகாப்பா, அரசின் பதிவேட்டில் உள்ள ஒரு வரியா என்ற வினாக்கள் அப்போது தவிர்க்கவியலாதவாறு எழுகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில் அமைந்த வாகரைப் பகுதியையும் அது சார்ந்த வாவிப் பிரதேசத்தையும் களமாகக் கொண்டு, இணங்காத துணையிடமிருந்து விடுதலை பெறும் வழி காலந்தோறும் எவ்வாறு மாறிவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. சட்டத்தின் வரலாற்றைச் சட்ட நூல்களுக்குள் மட்டும் தேடாது, காணி, வீடு, தொழில் ஆகியவற்றோடு இணைத்து நோக்குவதே இங்கு கைக்கொள்ளப்படும் முறையாகும்.

பிரதேசமும் தாய்வழிக் குடியும்

கிழக்கே கடலும் மேற்கே உப்பாற்றுக் களப்பும் அதனை அடுத்த காடும் சூழ, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என வடக்கு நோக்கி நீளும் ஊர்த்தொடர் இன்று கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவாக உள்ளது. மீன்பிடி, சேனைப் பயிர்ச்செய்கை, காட்டுப்பொருள் சேகரிப்பு, ஆங்காங்கே குளத்துநீர் வேளாண்மை என்பனவே இம்மக்களின் சீவனோபாயங்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கரையோர வேடர் வாழும் பகுதியும் இதுவே. இவர்களைச் செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் தனியாகக் குறிப்பிட்டுள்ளனர். தெற்கே வாவியின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் நெல்வயல்களும் போடிமாரின் நிலவுடைமையும் வாகரையில் அதே அளவில் இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

மட்டக்களப்புச் சமுதாயத்தின் தனித்தன்மையாக ஆய்வாளர் பலரும் சுட்டுவது அதன் தாய்வழிக் குடிமுறையாகும். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் விலக்கப்படும். கோயில் உரிமைகளும் மரியாதைகளும் குடிவழியே பகிரப்படும். முதுசொம் சகோதரியின் மக்களுக்கு இறங்கும் முறையை விவரிக்கும் முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரித்தோ 1876 இல் நூலாக வெளியிட்டார். எஸ். ஓ. கனகரத்தினம் 1921 இல் எழுதிய மாவட்ட வரலாறும், எப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும், பின்னர் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றேயின் எழுத்துக்களும் இக்குடிமுறையை அறிவதற்கு இன்றியமையாதன.

மருமக்களுக்குச் சொத்து இறங்கும் முறை காலப்போக்கில் தேய்ந்து, மகளுக்குச் சீதனமாக வீடும் வயலும் கொடுக்கும் முறை மேலோங்கிற்று. ஆயின் ஓர் அடிப்படை அம்சம் மாறவில்லை. மணமானதும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வருகின்றான். மணமகள் புகுந்த வீடு போவதில்லை. வீடு அவளுடையது. மூத்த மகளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகில் மற்றொரு வீடு கட்டி இளைய மகளோடு குடிபெயர்வதும் இப்பிரதேசத்தில் நன்கறியப்பட்ட வழக்கம்.

மணமுறிவை விளங்கிக்கொள்வதற்கு இவ்வமைப்பே திறவுகோல். கணவனும் மனைவியும் ஒத்துவாழ முடியாதபோது வீட்டைவிட்டு வெளியேறுபவன் கணவன். அவன் தன் தாயின் வீட்டுக்கோ சகோதரியின் வீட்டுக்கோ திரும்புவான். பெண் தெருவில் நிற்கும் நிலை எழுவதில்லை; பிள்ளைகள் தாயின் குடிக்குரியர் ஆதலின் அவர்கள் யாருக்குரியர் என்ற வழக்கும் கூர்மையடைவதில்லை. ஆகவே ஒருவரின் இணக்கமின்மை மற்றவரைக் கட்டிவைக்கும் ஆற்றலை இவ்வமைப்பில் பெரிதும் பெற்றிருக்கவில்லை எனலாம்.

ஆயினும் இதனைப் பெண்ணாட்சி என மயங்குதல் தவறு. தாய்வழி உரிமை வேறு, பெண்ணின் அதிகாரம் வேறு. காணியின் மேலாண்மையும் மணப்பேச்சும் அம்மான்மாரின் கைகளிலும் தந்தையின் கைகளிலுமே இருந்தன. அம்மான் மகனை மணந்தவள் பிரிய நினைத்தால் முறிவது ஓர் உறவு மட்டுமன்று; குடிகளுக்கிடையே தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த கொண்டு கொடுப்பு முழுவதும் முறியும். வயலும் கோயில் உரிமையும் மிகுந்த குடும்பங்களில் பிரிவு அரிதாகவும், காணியற்றோர் நடுவே எளிதாகவும் இருந்திருக்கும் என எதிர்பார்ப்பதே பொருந்தும். வாகரையின் வேடர் மரபையும் நாம் கட்டற்ற வாழ்வாகக் கற்பனை செய்துகொள்ளல் ஆகாது. காட்டு வேடர் நடுவே சாவு ஒன்றே தம்பதியரைப் பிரிப்பது என்ற கருத்து நிலவியதை 1863 இல் ஜோன் பெயிலி பதிவுசெய்துள்ளார். எளிய மணச்சடங்கு எளிய பிரிவையும் குறிக்கும் என்ற முடிபுக்கு அப்பதிவு இடந்தரவில்லை.

ஒல்லாந்த வீடும் மட்டக்களப்பு வீடும்

மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களோடு வந்த உரோமன் ஒல்லாந்தச் சட்டம் பின்னர் பிரித்தானியர் ஆட்சியில் இத்தீவின் பொதுச் சட்டமாயிற்று. யாழ்ப்பாணத்தின் வழமைகளைக் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 அளவில் தொகுத்தார். 1806 இன் 18 ஆம் இலக்கப் பிரமாணம் அத்தேசவழமைக்குச் சட்டவலு அளித்தது. மட்டக்களப்பின் வழமைகளுக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. 1876 இன் 15 ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கண்டிச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் தேசவழமைக்கும் உட்பட்டோரை விலக்கி ஏனையோரைத் தழுவியபோது, மட்டக்களப்புத் தமிழர் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தனர். முக்குவர் சட்டத்தை விவரித்த நூலும் அதனை வழக்கொழியச் செய்த சட்டமும் ஒரே ஆண்டில் தோன்றியமை வரலாற்றின் முரண்.

மணமுறிவைப் பொறுத்தவரை 1907 இன் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் தெளிவானது. தகுதிவாய்ந்த நீதிமன்றின் தீர்ப்பாலன்றி மணம் நீங்காது. அத்தீர்ப்புக்கான காரணங்கள் மூன்று: மணத்தின் பின் நிகழ்ந்த சோரம், வன்மத்தோடு துணையைக் கைவிட்டுப் போதல், மணவேளையிலேயே இருந்த, தீர்க்கவியலாத உடலுறவு இயலாமை. நூறாண்டு கடந்தும் பொதுச் சட்டத்தில் நிலைத்து நின்ற முக்காரணம் இதுவே. இவற்றுள் முதலிரண்டும் ஒருவரைக் குற்றவாளியாகவும் மற்றவரைக் குற்றமற்றவராகவும் காட்டுமாறு கோருவன. ஒத்துவாழ இயலாமை இங்கு காரணமாகாது. கொடுமையும் தனிக்காரணமன்று, கொடுமையால் துணையை வெளியேறச் செய்தவரே உண்மையில் கைவிட்டவர் எனக் காட்டினாலன்றி அது நீதிமன்றிற் பயன்தராது.

இணங்காத துணை இச்சட்டத்தால் பெறும் பலம் யாது? வழக்கை எதிர்க்காது விட்டால் ஒருதலை விசாரணையோடு வழக்கு முடியலாம். எதிர்த்தாலோ, வழக்காளி எதிராளியின் குற்றத்தை நிறுவ வேண்டும். வெளியேறியமை மட்டும் போதாது. மணவாழ்வை முற்றாக முடிக்கும் எண்ணத்தோடு நியாயமின்றி வெளியேறினார் எனக் காட்டவேண்டும். "நான் சேர்ந்துவாழ ஆயத்தமாகவே இருக்கிறேன்" என்ற எதிராளியின் ஒரு வாக்கியம் பல ஆண்டுப் பிரிவையும் பயனற்றதாக்கக் கூடும். குற்றம் தம்முடையதாயிருப்பவருக்கோ வழியே இல்லை.

இங்கே ஆழ்ந்து நோக்கவேண்டிய பொருத்தமின்மை ஒன்று உள்ளது. கைவிடுகை என்ற கருத்து உருவான ஒல்லாந்தச் சமுதாயத்தில் வீடு கணவனுடையது. குடியிருப்பைத் தெரிவுசெய்யும் உரிமை அவனுக்கே உரியது. மனைவி அவனைப் பின்தொடரக் கடமைப்பட்டவள். மட்டக்களப்பில் வீடு மனைவியுடையது. தன் சீதன வீட்டை விட்டு வேறூருக்கு வர மறுக்கும் மனைவி, உள்ளூர் வழமைப்படி ஒரு தவறும் செய்யாதவள். ஒல்லாந்தக் கோட்பாட்டின் தருக்கப்படியோ கைவிட்டவள் எனக் குற்றஞ்சாட்டப்படத் தக்கவள். மறுபுறம், குடித்து வந்து அடிக்கும் கணவனை மனைவியின் உறவினர் வெளியேற்றினால், வெளியேற்றப்பட்டவன் தானே கைவிடப்பட்டவன் என வாதாடலாம். வெவ்வேறு வீடுகளுக்காக எழுந்த இரு நியதிகள் ஒரே நீதிமன்றில் எதிர்ப்பட்டபோது, எழுத்திலிருந்த நியதி வென்றது. வாழ்க்கையிலிருந்த நியதி சாட்சியக் கூண்டுக்கு வெளியே நின்றது.

வாகரை மக்கள் நடுவே இதன் விளைவு வேறொன்றாயிருந்தது. மட்டக்களப்பு நகர் அறுபது கிலோமீற்றர் அளவு தொலைவில். பனிச்சங்கேணிக் களப்பையும் கடந்தே அங்கு செல்லவேண்டும். சட்டத்தரணிக்கும் பயணத்துக்கும் செலவிடச் சேனைப் பயிர்செய்வோனிடமும் மீன்பிடிப்போனிடமும் பணம் ஏது? இந்நாட்டுச் சட்டத்தில் வழமைப்படி நிகழ்ந்த மணம் பதிவு இன்மையால் மட்டும் செல்லாதாவதில்லை. ஊரறியக் கூடிவாழ்ந்தமையும் மணத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படும். எனவே பதிவின்றிக் கூடி, வழக்கின்றிப் பிரிவதே வறியோரின் நடைமுறையாவது இயல்பு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அத்தகைய முதல் மணம் நீங்குவதில்லை. கணவன் இறந்தபின் இழப்பீடோ ஓய்வூதியமோ காணியோ வரும்போது, இரு பெண்கள் ஒரே மனைவிநிலையைக் கோரிக் கச்சேரியின் முன் நிற்க நேரும். பிரிவின் செலவு அன்று தவிர்க்கப்பட்டது போலத் தோன்றினும் பின்னர் அதனைச் செலுத்துபவள் பெண்ணே.

ஒரே தீவு, மூன்று வாசல்கள்

மேற்கண்ட கடுமை தீவு முழுவதற்கும் பொதுவானதன்று என்பதே நமது கவனத்துக்குரியது. கண்டிப் பகுதியில் 1859 இன் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மணமுறிவை நீதிமன்றுக்குள் ஒடுக்க முயன்றது. பழைய வழமைப்படி எளிதிற் பிரிந்து வாழ்ந்த மக்கள் அதனை ஏற்கவில்லை. 1870 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் இருவரின் இணக்கத்தோடு பிரிதலையும், ஒத்துவாழ இயலாமையையும் காரணங்களாக ஏற்றது. 1952 இன் 44 ஆம் இலக்கக் கண்டி விவாக, விவாகரத்துச் சட்டம் அதனைத் தொடர்ந்தது: ஓராண்டு பிரிந்து வாழ்ந்தமை ஒத்துவாழ இயலாமைக்கு அளவுகோலாகும்; ஆணையை வழங்குபவர் மாவட்டப் பதிவாளர்; நீதிமன்று செல்லத் தேவையில்லை. எதிராளி இணங்காவிடினும் வழி முற்றாக அடைபடுவதில்லை.

வாகரைக்குத் தெற்கே ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் வாழும் முஸ்லிம் மக்களுக்கு 1929 இலும் பின்னர் 1951 இன் 13 ஆம் இலக்கச் சட்டத்தாலும் காதி நீதிமன்றங்கள் அமைந்தன. அங்கு கணவன் காரணங்காட்டாது தலாக் கூறலாம். மனைவியோ பஸ்ஹு முறையில் கணவனின் தவறைச் சாட்சிகளோடு நிறுவவேண்டும், அல்லது குல்உ முறையில் ஈடுகொடுத்து விடுதலை பெறவேண்டும். இணங்காத துணை கணவனாயின் சுவர். மனைவியாயின் திறந்த கதவு. இச்சமமின்மையை முஸ்லிம் பெண்களே பல பத்தாண்டுகளாக எடுத்துரைத்துச் சீர்திருத்தம் கோரி வருகின்றனர்.

கிழக்கின் தாய்வழிமுறையோடு அடிக்கடி ஒப்பிடப்படும் மலபாரிலும் சட்டம் வேறு திசையிற் சென்றது. சென்னை மாகாண மருமக்கட்தாயச் சட்டம் 1933 இல் நிறைவேறியபோது, கணவனோ மனைவியோ தனித்து மனுச்செய்து, குறித்த காலம் காத்திருந்து, மணநீக்கம் பெற வழி செய்தது. மருமக்கட்தாயத்தின் நெகிழ்ச்சியை அங்கு சட்டம் உள்வாங்கிற்று. கண்டியிலும் மலபாரிலும் வழமையின் முன் அரசு இறங்கிவர, மட்டக்களப்பில் ஏன் இறங்கவில்லை? கண்டிப் பிரபுக்களைப் போன்றோ மலபாரின் ஆங்கிலங் கற்ற நாயர் வகுப்பினரைப் போன்றோ சட்டமன்றங்களில் குரலெழுப்பவல்ல ஒரு பிரிவினர் பத்தொன்பதாம் நூற்றாண்டு மட்டக்களப்பில் வலுப்பெற்றிருக்கவில்லை என்பது ஒரு காரணமாகலாம். தமிழர் வழமை என்றதும் தேசவழமையையே எண்ணிய கொழும்பின் பார்வையும் மற்றொரு காரணமாகலாம்.

1977 உம் 1986 உம்

பொதுச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தது போன்ற தோற்றம் 1977 இல் எழுந்தது. அவ்வாண்டில் திருத்தப்பட்ட குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608 ஆம் பிரிவு, சட்டப்பிரிவு ஆணை பெற்று இரண்டாண்டு கழிந்தபின்னரோ, ஆணை எதுவுமின்றி ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தபின்னரோ, தம்பதியருள் எவரும் சுருக்கமுறையில் மணநீக்கம் கோரலாம் என்றது. யார் தவறு என்ற வினாவை அது வெளிப்படையாக எழுப்பவில்லை. குற்றக் கோட்பாட்டிலிருந்து முறிவுக் கோட்பாட்டுக்கு நாடு நகர்ந்துவிட்டது எனப் பலர் கருதினர்.

1986 இல் உயர்நீதிமன்றம் இவ்விளக்கத்தை ஏற்க மறுத்தது. நடவடிக்கைமுறைக் கோவை வழக்குத் தொடுக்கும் முறையைச் சொல்வதேயன்றிப் புதிய காரணத்தைப் படைப்பதன்று. 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணங்களுள் ஒன்று நிறுவப்படவேண்டும் என்பது அதன் முடிபு. ஏழாண்டு பிரிவின் பின்னரும் இணங்காத துணையின் தடை நிலைத்தது.

இத்தீர்ப்பை ஒருபக்கமாக மட்டும் மதிப்பிடுதல் நேர்மையன்று. கைவிட்டுச் சென்றவனே ஏழாண்டு கழித்துத் தன் தவறின் பயனை அனுபவிக்க வந்தால், கைவிடப்பட்ட மனைவிக்கு அவளுடைய மறுப்பே கடைசிப் பேரம்பேசும் பலம். தாபரிப்பும் வீடும் உறுதியற்ற சமுதாயத்தில் அம்மறுப்பைப் பறிப்பது வறியவளிடம் எஞ்சிய ஒன்றையும் பறிப்பதாகலாம். எனினும் அதே மறுப்பு அடிக்கும் கணவனின் கையிலும் ஆயுதமாகின்றது. மறுக்கும் உரிமையைக் காப்பதா நீக்குவதா என்பதைவிட, பெண்ணுக்கு அவ்வுரிமை ஒன்றே பாதுகாப்பாக இருக்கும் நிலையை மாற்றுவதே அடிப்படைப் பிரச்சினை எனல் வேண்டும்.

மணநீக்கம் பெறவியலாத வசதியுள்ள ஆண்கள் சிலர் வேறு வழியும் கண்டனர். பதிவுமணம் செய்த கிறித்தவர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி இரண்டாம் மணம் புரிந்தமை குற்றமன்று என இலண்டன் கோமறைக் கழகம் 1965 இல் தீர்த்தது. முதல் மனைவியின் இணக்கம் அங்கு கேட்கப்படவேயில்லை. 1998 இல் இலங்கை உயர்நீதிமன்றம் இதனை மறுத்து, ஒருவர் தாமாக மதம் மாறுவதால் முதல் மணத்தின் கடப்பாடுகள் அகலா என்றது.

கடல்கோளும் போரும் வீட்டின் உரிமையும்

வாகரையில் இவ்வரலாறு புதிய கூர்மை பெற்றது அண்மைக்காலத்தில். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. 2006 நவம்பர் 8 இல் கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை எறிகணை வீச்சுக்கு இலக்காகிப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் மக்கள் காட்டுவழியாகவும் கடல்வழியாகவும் தெற்கே ஓடினர். 2007 சனவரியில் வாகரை அரசபடையினர் வசமாயிற்று. உயிர், உடைமை ஆகியவற்றோடு மணச்சான்றிதழும் காணிப்பத்திரமும் அழிந்தன.

மீள்குடியேற்றத்தின்போது வீடுகள் குடும்பத் தலைவர் என்ற பெயரில் பதியப்பட்டன; அலுவலகப் பழக்கத்தில் குடும்பத் தலைவர் என்றால் ஆண். கிழக்கின் சீதன வீட்டுமுறையைப் புனரமைப்புத் திட்டங்கள் கருத்திற் கொள்ளத் தவறியமையை மக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்சும் 2010 இல் வெளியான ஆய்வொன்றில் எடுத்துக்காட்டியுள்ளனர். அரசகாணிக்கு ஏற்புடைய 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் பின்னுரிமை வரிசையில் மகனையே மகளுக்கு முன் வைத்தது. 2022 இன் திருத்தத்தின் வாயிலாகவே அப்பாகுபாடு களையப்பட்டது. இதன் பொருள் யாது? தலைமுறைகளாக வீடு பெண்ணுடையதாயிருந்த ஊரில், பிரிவு நேரும்போது வெளியேறவேண்டியவள் பெண்ணாகும் நிலை முதன்முறையாக எழுந்தது. ஒல்லாந்தச் சட்டம் காகிதத்தில் கொணர்ந்த கணவன் வீட்டை, வீட்டுத்திட்டம் சீமெந்திற் கட்டிக் கொடுத்தது.

போர் மற்றொரு வகை இணக்கமின்மையையும் படைத்தது. காணாமலாக்கப்பட்டவன் இணங்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. 2010 இன் 19 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. ஆனால் அதற்குக் கணவன் இறந்தான் என மனைவியே கூறவேண்டும். தேடிக்கொண்டிருப்பவளால் அது கூறத்தக்கதன்று. 2016 இன் 16 ஆம் இலக்கத் திருத்தம் காணப்படாமைச் சான்றிதழை அறிமுகப்படுத்திற்று. சொத்தையும் உதவியையும் பெற அது துணைசெய்யும், மணத்தை நீக்காது.

வெளிநாடு சென்றோரால் எழும் சமமின்மையும் சிறிதன்று. கனடாவின் 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு பிரிவு போதும். அவுஸ்திரேலியாவில் 1975 இன் சட்டமும் அவ்வாறே. இங்கிலாந்தில் 2022 ஏப்பிரல் 6 முதல் குற்றஞ்சாட்டாமலே மணநீக்கம் கோரலாம். துணை முறிவை மறுத்து வழக்காட இடமில்லை. ரொறன்ரோவிலுள்ள கணவன் வாகரையிலுள்ள மனைவி இணங்காமலே பிரிய முடியும். அவளோ அவனிடமிருந்து பிரியத் தன் ஊர் நீதிமன்றில் அவன் குற்றத்தை நிறுவவேண்டும். மணநீக்க அதிகாரம் நிலையான வதிவிடத்தைச் சார்ந்தது என்ற விதியை உலகுக்குத் தந்த 1895 ஆம் ஆண்டின் லெ மெசூரியர் வழக்கு, இலங்கைக் குடியியற் சேவையாளர் ஒருவர் இத்தீவில் தொடுத்த வழக்கே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இந்தியாவிலும் 1955 இன் இந்து திருமணச் சட்டம் முறிவைத் தனிக்காரணமாக ஏற்காதபோதும், 2023 மே 1 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம், மீளமுடியாது முறிந்த மணத்தை ஒரு துணை எதிர்ப்பினும் அரசியலமைப்பின் 142 ஆம் உறுப்புரையின் கீழ்த் தான் நீக்கலாம் எனத் தீர்த்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். ஒருவர் இணங்காதபோது மற்றவர் பிரியக்கூடுமா என்பது ஒழுக்கம் பற்றிய வினா மட்டுமன்று; வீடு யாருடையது, காணி யாருடையது, பிள்ளை எக்குடிக்குரியது என்பனவற்றால் தீர்மானிக்கப்படும் வினா. மட்டக்களப்பின் தாய்வழியமைப்பு அவ்வினாவின் கூர்மையை ஒருகாலத்தில் மழுக்கியிருந்தது. குடியேற்ற ஆட்சியின் சட்டம் வழமையின் சொத்துமுறையை ஒதுக்கி, வேற்றுச் சமுதாயத்தின் குற்றக் கோட்பாட்டை நிலைநாட்டிற்று. விடுதலையடைந்த நாடும் அக்கோட்பாட்டையே பேணிற்று. போரும் பேரலையும் எஞ்சிய வீட்டுரிமையையும் அசைத்தன.

பழமைக்குத் திரும்புதல் இதற்குத் தீர்வாகாது. அம்மான்மாரின் அதிகாரத்தை மீட்பதில் பெண்ணுக்கு ஆதாயமில்லை. கண்டியின் மாவட்டப் பதிவாளர் முன் ஓராண்டு பிரிவை ஏற்கும் அரசு, வாகரையின் பெண்ணுக்கு மட்டும் குற்றத்தை நிறுவுமாறு கட்டளையிடுவதற்கு நியாயமான அடிப்படை எதுவுமில்லை. முறிவைக் காரணமாக ஏற்கும் சட்டமும், அம்முறிவால் வீடிழக்காத பெண்ணின் காணியுரிமையும், 1999 இன் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் உண்மையான நடைமுறையும் ஒன்றாகவே வேண்டப்படுவன. இவற்றுள் முதலாவதை மட்டும் நிறைவேற்றின் வசதியுள்ள ஆணே பயன்பெறுவான். வீட்டின் உறுதியைத் தன் பெயரில் வைத்திருப்பவளுக்கே பிரிவு விடுதலையாகும் என்பதை இப்பிரதேசத்தின் பழைய வாழ்க்கை முறை நமக்குத் தெளிவாகக் காட்டியுள்ளது.